கரண்ட் சத்தம் வேண்டாம், கம்பி சத்தம் வேணும்: ஹம் இல்லாத சிங்கிள் காயில் பிக்கப்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதி, படிக்க வசதியாகத் திருத்தியது.)

பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பத்து விநாடி சத்தம் போடறேன். ஹெட்போன்ல கேக்கறவங்க வால்யூமைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க.

(பத்து விநாடி கிடார் ஆம்ப் இரைச்சல்.)

கேட்டீங்களா? கிடாரை மடியில வெச்சிருக்கேன், ஒரு கம்பியைக்கூடத் தொடல. போன மாசம் நேயர் ஒருத்தர் மெயில் பண்ணியிருந்தார்: "உங்க ஆரம்ப இசைக்குப் பின்னாடி ஒரு வண்டு சுத்திக்கிட்டே இருக்கே, அது வேணும்னே வெச்சதா?" இல்லைங்க. அந்த வண்டு தமிழ்நாடு மின்வாரியம் எங்க வீட்டுக்கு அனுப்பற 50 ஹெர்ட்ஸ். கிடாரோட பிக்கப் அதைப் பிடிச்சு ஆம்புக்குக் குடுக்குது. இன்னிக்கு எபிசோட் முழுக்க அந்த வண்டைப் பத்தித்தான்.

என் கிடார் ஸ்ட்ராட் மாதிரி ஒண்ணு. மூணு சிங்கிள் காயில் பிக்கப். வீடு கிண்டி ஸ்டேஷனுக்குப் பின்னாடி, மொட்டை மாடி ரூம். ஒரு பக்கம் புறநகர் ரயில், கொஞ்சம் தள்ளி மெட்ரோ. ரெண்டுமே 25,000 வோல்ட் ஏசியில ஓடுது. கேன் அதிகமா வெச்சுட்டு சும்மா உட்கார்ந்திருந்தா, ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பறப்ப வண்டு கொஞ்சம் உறுமிட்டு அடங்கும். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் தொடங்கினது 1931. அப்ப அது 1,500 வோல்ட் டிசி. அதே 1931-ல தான் அமெரிக்காவுல ஜார்ஜ் போஷாம், பின்னாடி ரிக்கன்பாக்கர் பேர்ல வந்த 'ஃப்ரையிங் பேன்' கிடாருக்கு முதல் காந்த பிக்கப்பைச் செஞ்சு பார்த்தார். அந்தக் கிடாரை அன்னிக்கு இந்த ரூமுக்குக் கொண்டு வந்திருந்தா ரயில் பெரிய தொந்தரவா இருந்திருக்காது. ரயில் ஏசிக்கு மாறினது 1960-கள்ல.

சரி, பிக்கப்னா என்ன? காந்தம், அதைச் சுத்தி முடி மாதிரி மெல்லிசான தாமிரக் கம்பி, கிட்டத்தட்ட 8,000 சுத்து. காந்தம் மேல இருக்கிற எஃகுக் கம்பியையும் காந்தமாக்கி வெச்சிருக்கும். கம்பி ஆடினா சுருள் வழியா போற காந்தப் புலம் ஆடும், சுருள்ல வோல்டேஜ் வரும். பத்தாவதுல படிச்ச ஃபாரடே விதி, அவ்வளவுதான். பிரச்சினை என்னன்னா, சுருளுக்குக் கம்பி ஆடுதா, பக்கத்துல டிரான்ஸ்ஃபார்மர் ஆடுதான்னு தெரியாது. புலம் மாறினா வோல்டேஜ் குடுக்கும்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு சுத்தோட சராசரிப் பரப்பு 7 சதுர செ.மீ.ன்னு வெச்சுக்கோங்க. வீட்டுக்குள்ள சாதாரணமா இருக்கக்கூடிய 0.1 மைக்ரோடெஸ்லா, 50 ஹெர்ட்ஸ் புலம். வர்றது கிட்டத்தட்ட 0.18 மில்லிவோல்ட். கம்பியை நல்லா அடிச்சா 100 மில்லிவோல்ட் வரும். ஐநூத்துல ஒரு பங்கு தானேன்னு விட்டுடலாம். ஆனா டிஸ்டார்ஷன் பெடலை மிதிச்சதும் கதை மாறுது. அது சிக்னலைப் பல மடங்கு பெருக்கி, உச்சியை வெட்டி விடுது. அடிச்ச சத்தம் ஓரளவுக்கு மேல ஏறாது, ஹம் மட்டும் ஏறிக்கிட்டே போகும். ஐநூறு மடங்கு இடைவெளி அங்க காணாமப் போயிடும். இன்வெர்ட்டர் பக்கத்துல உட்கார்ந்தா கேக்கவே வேண்டாம்.

முதல்ல நான் பண்ணின தப்பு

நான் சாஃப்ட்வேர் ஆள். எந்தப் பிரச்சினை வந்தாலும் "பின்னாடி கோடுல சரி பண்ணிக்கலாம்"னு தான் முதல்ல தோணும். 50 ஹெர்ட்ஸ் தானே, ஒரு நாட்ச் ஃபில்டர் போட்டு வெட்டிடலாம்னு நினைச்சேன்.

ஹம் 50-ல மட்டும் இருக்காது. 100, 150, 200-ன்னு மடங்கு மடங்கா ஏறும். கிடார்ல தடிச்ச கம்பியோட மூணாவது ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ். நாலாவது கம்பி திறந்தபடி 146.8. மூணாவது கம்பி 196. அதாவது 100, 150, 200-ஐ வெட்டினா கிடார்ல அதிகமா வாசிக்கிற சுரங்கள் மேலேயே கத்தி படுது. அமெரிக்காவுல 60 ஹெர்ட்ஸ், அவங்க ஹம் வேற சுரத்துக்குப் பக்கத்துல விழும். நம்ம ஊர் ஹம் 'ஜி'க்கு மேல 35 சென்ட், ஒரு அரை சுரத்துல மூணுல ஒரு பங்கு ஏறி நிக்குது. கச்சேரி பாஷையில சொல்லணும்னா, அஞ்சு கட்டையில பாடறவங்களுக்கு ஹம்முங்கறது சுருதி சேராத ஒரு தம்புரா. அவங்க சட்ஜம் 196, ஹம் 200. விநாடிக்கு நாலு தடவை அலை அடிக்கும்.

இன்னொண்ணு, 50-ன்னு நாம சொல்றது சரியா 50 இல்ல. மின்தொகுப்பு விதிப்படி 49.90-லேருந்து 50.05 வரைக்கும் இருக்கலாம். இருபதாவது மடங்குல அது 998-லேருந்து 1,001 வரைக்கும் அலையும். ஃபில்டர் அது பின்னாடி ஓடணும். (சின்ன கிளைக்கதை: 2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர் – சோலாப்பூர் லைன் மூலமா தென்னிந்தியத் தொகுப்பு மத்த இந்தியாவோட இணைஞ்சது. அதுக்கு முன்னாடி சென்னை ஹம்மும் டெல்லி ஹம்மும் வேற வேற சுருதி. இப்ப நாடு முழுக்க ஒரே சுருதி.)

நாய்ஸ் கேட் போடலாமேன்னு சிலர் சொல்வாங்க. வாசிக்காத நேரத்துல அது வாயை மூடும். வாசிக்கிறப்ப வண்டு உள்ளேயே தான் இருக்கும். சுரம் தேய்ஞ்சு அடங்கற இடத்துல கேட் டக்னு மூடும் பாருங்க, அது வண்டைவிடக் கொடுமை.

எந்தச் சத்தம்னு பாருங்க, அப்புறம் பணம் செலவு பண்ணுங்க

இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. கிடார்ல வர்ற இரைச்சல் எல்லாமே ஒரே ஜாதி இல்ல. கிடாரை ஆம்ப்ல சொருகிக்கிட்டு, ஸ்டூல்ல உட்கார்ந்து மெதுவாத் திரும்புங்க. ஒரு திசையில சத்தம் குறைஞ்சு, இன்னொரு திசையில ஏறினா அது காந்தப் புலத்தால வர்றது. இன்னிக்கு நாம பேசற ஹம் அதுதான். கம்பியில கை வெச்சதும் 'ஜ்ஜ்ஜ்'னு இருந்தது அடங்கினா அது வேற, மின்புலத்தால வர்றது. பழைய எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர், மட்டமான எல்.ஈ.டி. எல்லாம் இதுல எக்ஸ்பர்ட். அதுக்குக் கிடாரோட உள்பள்ளத்துல தாமிரத் தாள் ஒட்டி எர்த் பண்ணணும். எவ்வளவு விலை குடுத்து ஹம் இல்லாத பிக்கப் வாங்கினாலும் இது முழுசாப் போகாது. லேப்டாப் சார்ஜரை உருவினதும் சத்தம் போச்சுன்னா அது மூணாவது வகை, எர்த் லூப்.

மூணாவது வகைக்கு நம்ம ஊர்ல ஒரு நாட்டு வைத்தியம் இருக்கு. ஆம்போட மூணு பின் பிளக்கை ரெண்டு பின் அடாப்டர்ல சொருகறது. எர்த் போயிடும், சத்தமும் போயிடும். தயவுசெஞ்சு பண்ணாதீங்க. கிடாரோட கம்பிகள் பிரிட்ஜ் வழியா ஆம்போட எர்த்துக்குத் தான் போகுது. எர்த்தைப் பிடுங்கிட்டா, ஆம்ப்ல ஏதாவது கசிவு வந்தா அந்த 230 வோல்ட் உங்க விரல்ல வந்து நிக்கும். எதிர்ல மைக் மிக்ஸர் வழியா எர்த் ஆகியிருக்கும். நடுவுல நீங்க. காலேஜ் முடிச்ச புதுசுல ஒரு வாடகை ரிகர்சல் ரூம்ல எங்க பேண்ட் பாடகன் கிடாரைப் பிடிச்சுக்கிட்டு மைக்ல உதடு வெச்சான். தூக்கிப் போட்டுடுச்சு. உதடு வீங்கினதோட தப்பிச்சான். மெயின் போர்டுல 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. இருந்ததுனால தப்பிச்சான்னு அப்புறம் தான் புரிஞ்சது. அன்னிக்கு அந்த அடாப்டரைச் சொருகினது நான் தான். ஹம் பத்தி நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்.

கம்பிக்கு ரெண்டு குறி, ஹம்முக்கு ஒண்ணு

இப்ப டிசைன். எல்லா ஹம் ஒழிப்பு பிக்கப்பையும் ஒரே சின்னக் கணக்குல அடக்கலாம். காந்தத்தோட திசைக்கு ஒரு குறி, பிளஸ் ஒண்ணு இல்ல மைனஸ் ஒண்ணு. சுருள் சுத்தின திசைக்கு இன்னொரு குறி. கம்பியோட சிக்னல் இந்த ரெண்டையும் பெருக்கினது. ஹம்முக்கு உங்க காந்தத்தைப் பத்திக் கவலையே இல்ல, அது வெளியிலேருந்து வருது. அதனால ஹம் வெறும் சுத்தோட குறி மட்டும்.

ரெண்டு சுருள் எடுங்க. ஒண்ணுல ரெண்டும் பிளஸ். இன்னொண்ணுல ரெண்டும் மைனஸ். கம்பி சிக்னல்: பிளஸ்ஸும், மைனஸ் பெருக்கல் மைனஸும், ஆக ரெண்டு. ஹம்: பிளஸ்ஸும் மைனஸும், ஆக பூஜ்யம். நெட்வொர்க் கேபிள்ல ரெண்டு வயரை முறுக்கி, வித்தியாசத்தை மட்டும் படிக்கிறோமே, அதே தந்திரம்.

கிப்சன் கம்பெனியில சேத் லவர் இதை வெச்சு 1955-ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். கிடார்ல 1957-ல வந்தது. காப்புரிமை கைக்கு வந்தது 1959. அதான் ஹம்பக்கர். ஹம் போச்சு. ஆனா ஸ்ட்ராட் வாசிக்கிறவன் அதை மாட்ட மாட்டான். ஏன்?

ரெண்டு சுருளும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர் இடைவெளி. கம்பியை ஒரே இடத்துல கேக்காம ரெண்டு இடத்துல கேக்குது. மேல் சுரங்கள்ல ஒரு இடம் மேல போறப்ப இன்னொரு இடம் கீழ போகும், அடிச்சுக்கிட்டு அழிஞ்சிடும். அதோட சுருளோட இண்டக்டன்ஸ் ஏறுது. சாதாரண ஸ்ட்ராட் சுருள் 2.3 ஹென்ரி பக்கம். அதோட கேபிளோட 600 பிகோஃபாரட் சேர்ந்து 4,300 ஹெர்ட்ஸ்ல ஒரு மேடு போடும். 'கணீர்'னு ஒரு பளபளப்பு இருக்கே, அந்த மேடு தான் அது. இண்டக்டன்ஸ் ரெண்டு மடங்கானா மேடு 3,000-க்கு இறங்கிடும். சத்தம் தடிச்சுப் போகும்.

அதனால கேள்வி "ஹம்மை எப்படி ஒழிக்கிறது" இல்ல. அது 1950-கள்லயே தீர்ந்துடுச்சு. அந்த 4,300-ஐயும், ஒரே இடத்துல கேக்கற காதையும் தொடாம ஹம்மை ஒழிக்க முடியுமாங்கறது தான் கேள்வி.

ஒரு வழி, சுருளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கறது. வெளியிலேருந்து பார்த்தா சிங்கிள் காயில். பிரச்சினை, கீழ் சுருளும் அதே காந்தத்துல இருக்கு, சுத்து மட்டும் எதிர்த்திசை. கணக்குப்படி பார்த்தா அது கம்பி சிக்னலையும் கழிக்கும். தள்ளி இருக்கறதுனால கொஞ்சமாக் கழிக்கும், அவ்வளவுதான். அதனால நடுவுல எஃகுத் தகடு வெச்சு மறைக்கிறாங்க, கீழ் சுருளுக்கு இரும்பு உள்ளகம் வெச்சு குறைஞ்ச சுத்துலயே அதே ஹம்மைப் பிடிக்க வைக்கிறாங்க. ஆஸ்திரேலியாவுல கின்மன் மாதிரி ஆளுங்க வருஷக்கணக்கா இதையே நோண்டிக்கிட்டு இருக்காங்க. நல்லாவே இருக்கும். விலையும் நல்லாவே இருக்கும்.

இன்னொரு வழி லியோ ஃபெண்டரோடது. 1957-ல பிரிசிஷன் பேஸ் கிடாருக்கு சுருளை ரெண்டாப் பிளந்தார். பாதிக் கம்பிக்கு ஒரு சுருள், மீதிக்கு எதிர்த்திசையில இன்னொண்ணு. ஒவ்வொரு கம்பியும் ஒரே சுருளைத்தான் பார்க்கும், சத்தம் அசல் சிங்கிள் காயில். எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட அழகான டிசைன். ஆனா கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவங்க யோசிக்கணும். கமகத்துக்குக் கம்பியை இழுக்கறப்ப அது பிளவு இருக்கிற இடத்துக்குப் போச்சுன்னா அங்க சிக்னல் பள்ளம் விழும். ரெண்டு பக்கமும் காந்தம் எதிரெதிர். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டைக் கம்பிகளை விட்டுட்டு ஒற்றைக் கம்பி அஞ்சு போட்ட எலக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனதும், நம்ம பக்கத்து ஐஐடியில கப்பல் கட்டுமானம் படிச்சுட்டு எலக்ட்ரிக் கிடார்ல கீர்த்தனை வாசிக்கிற பிரசன்னாவும், இங்க கம்பிக்கு எவ்வளவு வேலை இருக்குன்னு காட்டிட்டாங்க. இந்த இசைக்கு பிக்கப் டிசைன் பண்றவங்க இழுப்பை மனசுல வெச்சுத்தான் ஆரம்பிக்கணும்.

46 கேஜ், 42 கேஜ்

மூணாவது வழி தான் நான் பண்ணினது. டம்மி சுருள். காந்தமே இல்லாத ஒரு சுருளை எதிர்த்திசையில தொடர்ல சேர்க்கறது. காந்தக் குறி பூஜ்யம், அதனால கம்பி சிக்னல்ல ஒண்ணும் கூடாது குறையாது. ஹம் மட்டும் கழியும்.

முதல்ல அசல் பிக்கப் மாதிரியே ஒண்ணு சுத்தலாம்னு நினைச்சேன். புத்தகத்துல '42 கேஜ்'னு இருந்தது. கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனேன். "அண்ணா, 42 கேஜ் எனாமல் வயர் இருக்கா?" "இருக்கு தம்பி, எத்தினி கிராம் வேணும்?" வாங்கிட்டு வந்து கை டிரில்லுல மாட்டிச் சுத்த ஆரம்பிச்சா, 3,000 சுத்துலயே பாபின் நிரம்பிடுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு தலையில கை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் என்னன்னா, புத்தகம் சொன்னது அமெரிக்க கேஜ். அதுல 42-ன்னா 0.063 மி.மீ. நம்ம ஊர்க் கடையில எஸ்.டபிள்யூ.ஜி., பிரிட்டிஷ் கணக்கு. அதுல 42-ன்னா 0.1 மி.மீ. நான் கேட்டிருக்க வேண்டியது 46. மறுநாள் போய்ச் சொன்னா அண்ணன் சிரிச்சார். "46-ஆ? அது கை பட்டாலே அறுந்துடும் தம்பி. மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் அதெல்லாம் எதுக்கு? நாங்க வெக்கறதில்ல."

இந்தத் தப்பு தான் கை குடுத்தது. திரும்பி வர்ற வழியில யோசிச்சேன். ஹம் எவ்வளவு வரும்ங்கறது சுத்து எண்ணிக்கை பெருக்கல் பரப்பு. 8,000 பெருக்கல் 7. 56,000. அதே 56,000-ஐ 300 சதுர செ.மீ. பரப்புல எடுத்தா? 187 சுத்து போதும்! கிடாரோட முதுகுல 25-க்கு 12 செ.மீ. அட்டை ஒண்ணு. தப்பா வாங்கின 0.1 மி.மீ. வயர்ல 140 மீட்டர். ரெசிஸ்டன்ஸ் 300 ஓம் சொச்சம், பிக்கப்போட 6,000 ஓமுக்கு முன்னாடி அது ஒண்ணும் இல்ல. இண்டக்டன்ஸ் 2.3 ஹென்ரியில நூத்துல ஒரு பங்கு பக்கம். அந்த 4,300 மேடு இருந்த இடத்துலயே நிக்கும். இது என் கண்டுபிடிப்பு இல்லைங்க. சூர் கிடார்கள்ல பின்தட்டுச் சுருளா இது ஏற்கெனவே வந்திருக்கு. ஆனா கணக்கு கையில விழுந்தப்ப எனக்குக் கிடைச்ச சந்தோஷம் என்னுது.

முதல்ல வேணும்னே 220 சுத்து சுத்தினேன். மாட்டினா ஹம் முழுசா அடங்கல, எதிர்ப்பக்கம் தாண்டிப் போயிருந்தது. பத்துப் பத்தாப் பிரிச்சேன். குறைஞ்சுக்கிட்டே வந்து, ஒரு இடத்துல அடங்கி, திரும்ப ஏற ஆரம்பிச்சது. அஞ்சு சுத்து திருப்பிப் போட்டேன். 175-ல நிறுத்தினேன். நான் பிக்கப் பரப்பைக் கொஞ்சம் கூடப் போட்டிருந்திருக்கேன்.

ரெண்டு எச்சரிக்கை. டம்மி சுருளை எர்த் பக்கம் தான் மாட்டணும், அதாவது பிக்கப்புக்கும் எர்த்துக்கும் நடுவுல. சூடான பக்கம் மாட்டினா 140 மீட்டர் ஆன்டெனாவா மாறி 'ஜ்ஜ்ஜ்' சத்தத்தை அள்ளிக்கிட்டு வரும். அப்புறம் ஒரு எட்ஜ் கேஸ்: இப்ப வர்ற நிறைய ஸ்ட்ராட்கள்ல நடு பிக்கப் ஏற்கெனவே எதிர்த்திசையில சுத்தினது. சுவிட்ச் ரெண்டாவது, நாலாவது இடத்துல தானாவே ஹம் இல்லாம இருக்கும். அங்க டம்மியையும் சேர்த்தா போன வண்டு திரும்பி வரும். நடு பிக்கப்பைத் தனியா வாசிச்சா ரெண்டு மடங்கா வரும். அதுக்கு டம்மியைக் கழட்டி விட ஒரு சின்ன சுவிட்ச் போட்டேன். அடிக்கடி மறந்துடறேன்.

முழுசாப் போச்சான்னா, இல்ல. தூரத்துல இருக்கிற புலம் ரெண்டு சுருளுக்கும் ஒரே மாதிரி தெரியும், அழகாக் கழியும். அதனால ரயில் கிளம்பறது இப்ப எனக்குக் காதுல விழற அளவுக்கு வர்றதில்ல. ஆனா இன்வெர்ட்டர் ரெண்டடி தூரத்துல இருந்தா, அட்டை ஓரத்துல ஒரு அளவு, பிக்கப் இருக்கிற இடத்துல வேற அளவு. கழித்தல் சரியா வராது. பெரிய சுருளோட பலவீனம் அது. அங்க அடுக்குச் சுருள் தான் ஜெயிக்கும். நான் இன்வெர்ட்டரை மாடிப்படிக்குக் கீழ மாத்திட்டேன், அம்மா திட்டிக்கிட்டே இடம் விட்டாங்க.

அட்டை இன்னும் மாஸ்கிங் டேப்ல தான் கிடார் முதுகுல ஒட்டியிருக்கு. பெல்ட் பக்கிள்ல உரசினா வயர் போயிடும், அதனால உட்கார்ந்து தான் வாசிக்கிறேன். இந்த எபிசோடோட ஆரம்ப இசை அதை வெச்சு புதுசா வாசிச்சது. வண்டு போயிடுச்சான்னு மெயில் அனுப்பின அந்த நேயர் கேட்டுட்டுச் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம், வணக்கம்.